செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்

பின்னங்கால் மூட்டில் வீக்கம்.
ராமையன்பட்டி டாக்டர் அமுக்கிப் பார்த்தார்.
"மூணு மாசம் ஆகும். நிக்கும்.
பசு மேல ஏறுமான்னு சொல்ல முடியாது."

தரகர் கொம்பையா மூட்டைப் பார்க்கவே இல்லை.
"கறிக்கு எதுக்குவே காலு?"
துண்டுக்குள் என் நாலு விரலைப் பிடித்தார்.
ஐந்தாவதைத் தொட்டார்,
விட்டுவிட்டார்.

மருந்துச் செலவை
பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டினேன்.
இரண்டு முறை. இரண்டு விடை.
சினைக்கூலி பாக்கி வைத்த மூன்று பேர்
இவனுடைய நெற்றிச் சுட்டியோடு
கன்று மேய்க்கிறார்கள்.

நேற்று இருட்டும் நேரம்
மணப்படைவீட்டிலிருந்து ஒருவர்,
சேதி தெரியாமல்,
கத்திக்கொண்டே வந்த பசுவோடு.

படுத்திருந்தவன் மூக்கைத் தூக்கினான்.
மேலுதடு சுருண்டது.
முன்னங்கால் ஊன்றிப் பாதி எழுந்தான்,
மீதி வரவில்லை.
நாய் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வந்தவர் வேறு பக்கம் பார்த்தார்.
தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று
நான் பார்க்கப் போனேன்.
இருந்தது.

மேலப்பாளையம் சந்தைக்கு வண்டி பேசியாயிற்று.
டிரைவர்தான் போனில் அடிக்கிறான்,
மூன்றாவது முறை.

எடுக்க முடியாது.
புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சியது,
இரண்டு கையிலும் பற்று.