மோதிர விரல்

முப்பத்தோரு வருஷம்
ஓட்டேரியில் ஒரு லேப்பில்
மோதிர விரல்களைக் குத்திக்கொண்டிருந்தேன்.
"எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்பேன்
பஞ்சை அழுத்தியபடி,
அடுத்த சீட்டைப் பார்த்தபடி.

ஓய்வு பெற்ற ஐப்பசியில்
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு
ஒரு கிட்டார் வாங்கினேன்.
பெரம்பூர் பாலத்தடியில் பழைய சாமான் கடை.
முன்பலகையில் யார் வீட்டுக் குழந்தையோ ஒட்டிய
பட்டாம்பூச்சி ஸ்டிக்கர், பாதி உரிந்தது.
"பொட்டி நல்ல பொட்டிம்மா,
கம்பிதான் கொஞ்சம் தூக்கலா இருக்கும்"
என்றான் இஸ்மத்.
கொஞ்சம்!
கம்பிக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு கரப்பான் பூச்சி
தலை குனியாமல் நடந்து போகலாம்.

அடைமழை மாதம்.
காயாத துணிகளுக்கு நடுவே,
அவர் லுங்கிக்கும் என் நைட்டிக்கும் இடையில்
முக்காலியில் உட்கார்ந்து பழகினேன்.
ஈரத்தில் பெட்டி உப்பி
காலையில் சேர்த்த சுருதி
மத்தியானம் வேறு எங்கோ இருக்கும்.
இடது கையில் நாலு விரலிலும் எறும்பு.
எறும்பு இல்லை.
ஓட்டேரியில் பாதிப் பேரிடம்
பொய் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி தண்ணீர்ச் சொம்பைப் பிடித்து
விரல்களைக் குளிர வைத்துக்கொள்வதை
அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் கம்பிகளைத் தளர்த்தி,
அவை ஏறி நிற்கும் வெள்ளைத் துண்டைப் பிடுங்கி
உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார்.
ரயில் பெட்டி ஆலையில் ஃபிட்டராக இருந்தவர்.
அரை மில்லி.
நிறுத்தி, அளந்து,
ஊதி,
இன்னொரு அரை மில்லி.
முப்பத்தைந்து வருஷத்தில் எனக்காக
நீங்கள் குறைத்துக்கொண்டது
இது ஒன்றுதான் என்று
சொல்ல வந்து, சொல்லாமல்,
காபி போட்டேன்.

ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும்.
சி-க்கு மூன்று.
எஃப் என்று ஒன்று இருக்கிறது,
அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

தை பிறந்து ரேஷன் கடை.
வலது கை ரேகையை
ஸ்பிரிட்டும் சோப்பும் எப்போதோ தின்றுவிட்டன.
மாதா மாதம் மெஷினுக்கு நான் நீட்டுவது
இடது மோதிர விரல்.
சிவப்பு விளக்கு.
"தொடச்சிட்டு வைங்கம்மா."
துடைத்து வைத்தேன். சிவப்பு.
முந்தானையில் தேய்த்து வைத்தேன்.
வரிசை முனகத் தொடங்கியது.
பில் போடும் ஷர்மிளா என் விரலை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்,
நான் ஆயிரம் விரல்களைத் திருப்பிய மாதிரி.
நுனி முழுக்கக் காய்ப்பு.
குறுக்கே, கம்பி படுத்து எழுந்த தடம்.

"என்ன வேலைம்மா பாக்குறீங்க,
கல்லு ஒடைக்கிறீங்களா?"

"கிட்டார்."

தராசில் துவரம் பருப்பு ஆடி நின்றது.
பின்னால் ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.
போனுக்கு எண் வந்தது, படித்துச் சொன்னேன்.
அரிசி கொட்டுகிற சத்தத்துக்கு மேலே
அவள் கேட்டாள்:
"என்னா பாட்டு வாசிப்பீங்க?"

"பாட்டு இன்னும் வரல.
ரெண்டு கார்டு வரும்.
ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போவ
கொஞ்சம் நேரம் ஆவும்."

"பரவால்ல, நம்ம மெஷினும் அப்டித்தான்"
என்று அடுத்த அட்டையை வாங்கினாள்.