ஏனைய செலவுகள்

சங்கத்தின் பெயர் என்னவென்று
படிவத்தின் முதல் கட்டம் கேட்டது.
ஜெசீமா மொட்டு என்று தொடங்கும் ஒன்றைச் சொன்னாள்.
தவரஞ்சினி தலையாட்டி மறுத்தாள்:
"மொட்டு எண்டா எப்ப விரியும் எண்டு கேப்பாங்க.
நம்மட புள்ளயளுக்குப் பேர் காணும் கா,
ரோட்டில வைக்கிறதே காணும்."

ஆஸ்பத்திரிப் பின்வாசல் வாங்கு.
இலக்கம் முப்பத்தொன்று.
என் தோளில் யதுர்சிகா வில்லாய் விறைத்து,
இளகி, மறுபடி விறைத்து.
ஒன்பது வயது. பதினாறு கிலோ.
மருதமுனையில் ஒருத்தி, பாண்டிருப்பில் நாங்கள் இருவர்;
ஏழு வருடமாய் இதே வாங்கில்
ஒருத்தி பிள்ளையின் எச்சிலை
மற்றவள் துடைத்திருக்கிறோம்.
எங்கள் பெயர்களைக் கேட்டுக்கொண்டது
மூன்றாம் வருடத்தில்தான்.

கதிரையில்தான் எல்லாம் தொடங்கியது.
ஸப்ரானுக்கு அது சிறிதாகிப்போனது.
சாய்ந்தமருதுக் கரையில் ஃபைபர் வள்ளம் செய்யும் அவன் மாமா
பிள்ளையின் முதுகை அளந்து
வள்ளத்துக்கு வார்ப்பதுபோலவே வார்த்த கதிரை.
கடல்நீலம்.
பின்பக்கம், பழக்கதோஷத்தில்,
பதிவிலக்கம் எழுத ஒரு வெள்ளைப் பட்டை.
ஜெசீமா அதை ஓட்டோவில் ஏற்றிவந்து
என் வாசலில் இறக்கினாள்:
"விக்க மனமில்ல. வச்சுப் பாக்கவும் ஏலா."
அன்று மத்தியானம்தான் யதுர்சிகா
மேசை உயரத்துக்கு வந்து
நான் சோறு தின்பதைப் பார்த்தாள்.
அம்மாவுக்கும் வாய் இருக்கிறது என்பது
அவளுக்குப் புதினமாயிருந்தது போலும்;
சத்தம்போட்டுச் சிரித்தாள்.

வெள்ளைப் பட்டையில் ஸப்ரான் என்று இருந்தது.
கீழே இவள் பெயரை எழுதினேன்.
அதற்குக் கீழேயும் இடம் இருந்தது.

நோக்கம் என்ற கட்டத்துக்கு மூன்று வரி.
"மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு"
என்று எழுதினேன்.
"பிள்ளைகளுக்கு எண்டு போடுங்களன்" என்றார் உத்தியோகத்தர்.
"இல்ல சேர்,
தூக்குற முதுகுக்கும் சேத்துத்தான்."

வட்டிலப்பம் விற்றதில்
ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபா.
முதல் காசு. என்ன செய்வது?
பம்பர்ஸ் என்றாள் ஒருத்தி.
காலுக்குப் போடுகிற பட்டை என்றாள் இன்னொருத்தி.
துறைநீலாவணைக் கோகிலவாணி அதுவரை வாய் திறக்கவில்லை.
புருஷன் கத்தாரில். மகனுக்கு இரவில்தான் வலிப்பு.
"எனக்கு நித்திர வேணும் கா" என்றாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற சிற்றூழியர் மெற்றில்டா அக்காவைப் பிடித்தோம்.
வலிப்பு வந்தால் பிள்ளையை எந்தப் பக்கம் சரிப்பதென்று
அவவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
சனிக்கிழமை காலை மகனை அவவின் மடியில் கொடுத்துவிட்டு
கோகிலவாணி பாயில் சரிந்தாள்.
ஒரு மணித்தியாலம் கண் மூடவேயில்லை;
கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மறுகா, ஆரோ வயரைக் கழற்றினதுபோல,
போனாள்.
வளவில் நாங்கள் மூவரும்
காகத்துக்குக்கூடக் கை காட்டி
வாய் பொத்தச் சொல்லியபடி இருந்தோம்.
ஐந்து மணித்தியாலம்.
எழும்பியதும், எங்களைக் கும்பிடவுமில்லை, அழவுமில்லை.
"தலைக்குள்ள இரைச்சல் இல்ல" என்றாள்,
ஏதோ களவுபோனதைச் சொல்வதுபோல.

கணக்குக் கொப்பியில் அப்படியே எழுதினேன்:
செலவு, நித்திரை, ஐந்து மணித்தியாலம்,
ஓட்டோக் காசும் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
"பற்றுச்சீட்டு?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.
கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தார்.
கெட்ட மனிசன் இல்லை.
நித்திரையைச் சிவப்புப் பேனையால் வெட்டி
மேலே, அழகான கையெழுத்தில்,
ஏனைய செலவுகள் என்று எழுதினார்.

பெயர்க் கட்டத்தை
கடைசியில் புதன்கிழமைச் சங்கம் என்று நிரப்பினோம்.
கிளினிக் நாளை மாற்றினால் என்ன செய்வதென்று
தவரஞ்சினி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாற சனி என் முறை.
பாயை வெயிலில் போட்டிருக்கிறேன்.
கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தால்
நித்திரை வருமா என்று
நேற்றிரவு, அவளை அணைத்தபடியே,
ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.