மூன்று மில்லிமீற்றர்

பழைய பெட்டியின் வாய் தொண்ணூற்றாறு.
புதியது தொண்ணூற்று மூன்று.
எந்தக் கிற்றாருக்கும் பொருந்தும் என்று
மட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறது.
எதற்கும் பொருந்தாது என்று அதற்கு அர்த்தம்.
போன் கவர் விற்றுப் பழகியவளுக்குத் தெரியாதா.

கிற்றார் எமில்ராசனுடையது.
சனி கல்யாண வீடு, ஞாயிறு பூசை,
மிச்ச நாளில் நெல் ஏற்றும் லொறி.
பற்றரியைக் கழற்றாமல்
மாரி முழுக்கச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறான்.
கக்கிவிட்டது.
பச்சை உப்புப் பூத்து
வயரின் செம்பை உள்ளே உள்ளே
தின்றுகொண்டு போயிருக்கிறது.
"சத்தம் வருது அக்கா, ஆனா
எலி சுரண்டிற மாதிரி."
எலியாகவும் இருக்கலாம் என்றேன்.
சிரிக்கவில்லை.
நாளைக்குத் துணுக்காயில் கல்யாணம்.

நரம்புகளைத் தளர்த்தி
வட்டத் துளைக்குள் கையை விட்டேன்.
மணிக்கட்டு வரைக்கும் கண் உதவும்.
அங்காலே விரல்தான்.
சட்டம். இன்னொரு சட்டம். காய்ந்த பசைத் துளி.
தூசிப் பந்து.
வயர்.

இழுக்காதே.
எங்கே போகிறது என்று முதலில் பார்.

ஆறு வருசம் முகமாலையில்
இந்தக் கை இதைத்தான் செய்தது.
முகத்துக்கு மறைப்பு, முழங்காலுக்கு மண்,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் நிலம்.
அதைச் சொன்னால் சிலபேர்
கூலியைக் கூட்டித் தருகிறார்கள்.
அதனால் சொல்வதில்லை.

நரம்பு தாங்கும் வெள்ளை எலும்பைக் கிளப்பினால்
அடியில் பியசோ,
நெத்தலி முள்ளின் கனத்தில் ஒரு நாடா.
சும்மா கிடக்கும்.
அமுக்கினால் பேசும்.
அந்த வகையை எனக்குத் தெரியும்.

மூன்று மில்லிமீற்றருக்கு வருவோம்.
ஐஸ்கிறீம் டப்பா மூடியை வெட்டினேன், வளைந்தது.
பலகைச் சிராயை வைத்தேன், வெடித்தது.
கடைசியில் கடையின் பழைய பெயர்ப்பலகையை
கூரைக்குள்ளிருந்து இறக்கி
'தொலைபேசி'யில் கொஞ்சத்தை அறுத்தேன்.
இப்போது கிற்றாரின் விலாவில்
கறுப்புப் பெட்டியைச் சுற்றி வெள்ளைச் சட்டம்,
மூலையில் சிவப்பாக ஒரு சுழி:
'பே'யின் கொம்பு.

பின்னேரம் எமில்ராசன் வந்தான்.
லொறியை நிறுத்தாமலே
மாங்குளம் சந்தியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.
அம்பில் செருகி ஒரு கோட் அடித்தான்.
காதைச் சாய்த்தான்.
இன்னொன்று.
"எலி இல்லை" என்றான்,
ஏதோ களவு போனவன் மாதிரி.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன்.
கழற்றியது எட்டுத் திருகாணி.
மாட்டியது நாலு.
மூடியில் கிடப்பது மூன்று.

"ஒரு ஆணிதானே அக்கா, விடுங்கோ."

விடமாட்டேன்.
கிற்றாரைப் பறித்துக் கவிழ்த்துக் குலுக்கினேன்.
துளைக்குள் டோர்ச் அடித்தேன்.
பாயைத் தூக்கி உதறினேன்.
கணக்கு ஒன்று குறைந்தால்
அங்கே ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை.
பஸ் நிற்கும். இருட்டும். நிற்கும்.
லொறி கோர்ண் அடித்தது, யாரோ ஏறி இருந்து.
எமில்ராசன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பிறகு தானும் முழங்காலில் இருந்து
மேசைக் காலுக்குக் கீழே தடவத் தொடங்கினான்.

கிடந்தது.
அம்பின் முதுகில், ஸ்பீக்கர் காந்தத்தில்
உண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டு.

"எட்டு!"
றோட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.
ஒவ்வொன்றையும் அப்படித்தான்
உரத்துச் சொல்ல வேண்டும் அங்கே.

கிற்றார் அவன் மடியில், வயர் செருகியபடி.
புதிய பெட்டியில் ரியூனர் இருக்கிறது.
சின்னக் கண்ணாடிக்குள்
எந்தச் சத்தத்துக்கும் ஒரு எழுத்துக் காட்டும்,
அரிசி ஆலைக்கும், பஸ்ஸுக்கும், இருமலுக்கும்.
குனிந்து பார்த்தவன் முகம் சிவந்தது.
"அக்கா, உங்களை இது..."
"என்ன?"
"டி எண்டு சொல்லுது."

மரியாதை தெரியாத பெட்டி என்றேன்.
மூவாயிரத்து ஐந்நூறு.
பற்றரியைக் கழற்றி வை, மாரிக்கு முன்னம்.