தோன்றா எழுவாய்

நான்காம் வகுப்புப் பாடநூல், பக்கம் எழுபத்திரண்டு:
"காடு அழிக்கப்பட்டது.
பருத்தி பயிரிடப்பட்டது.
யாஸூ ஆற்றங்கரை செழித்தது."

இஸ்திரி போட்ட வாக்கியங்கள்.
இலக்கணமும் வரலாறும் இரண்டுமே என் வகுப்பு என்பதால்
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்:
எழுவாய் எங்கே?

இருபத்திரண்டு பென்சில்கள் தேடின.
வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாருமே செய்யலையா மிஸ்?
தானா நடந்துச்சா?" என்றான் வாரன் லாட்னர்.
பருத்தி தன்னைத்தானே பறித்துக்கொண்டு
மூட்டைக்குள் போய்ப் படுப்பதை
ஓரத்தில் வரைந்தும்விட்டான், கை கால் வைத்து.
சிரித்தோம். நானும்தான்.

கடைசி வரிசையில் கெய்டன் டபி சிரிக்கவில்லை.
"சாக்டா மக்கள் இங்கே வாழ்ந்தார்கள்"
என்பதன் வினைமுற்றை அடித்து
முனை உடைய எழுதியிருந்தான்:
வாழ்கிறோம்.
செப்டம்பரிலிருந்து அவனுக்கு நான்
இறந்தகாலம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள்
கவுண்டி ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு நகல்.
லாட்னர் தோட்டம், சொத்துப் பட்டியல், 1848.
கோவேறு கழுதை, பெஸ், நூற்றிருபது டாலர்.
சிறுமி, ஹெஸ்டர், வயது ஒன்பது, முந்நூற்றைம்பது.
சுவர்க் கடிகாரம், பழுது, நான்கு.
ஒரே கை, ஒரே மை.

ஒன்பது வயதுகள் நிறைந்த அறையில்
அந்த வயதைப் படிக்கையில் தொண்டை கம்மியது.

ஜனேசா லாட்னர் தலைப்பின் மேல் விரல் வைத்தாள்.
பிறகு தன் நோட்டு அட்டையின் மேல்.
பிறகு திரும்பினாள்,
சடையின் மணிகள் ஒருமுறை குலுங்க,
வாரன் பக்கம்.
வருகைப் பதிவில் அடுத்தடுத்து அழைத்ததால்
சிநேகிதமானவர்கள்.

காது சிவக்க, மெல்லக் கேட்டான்:
"அப்போ நாம சொந்தமா?"

எந்தக் குழந்தையும் சங்கடப்படக் கூடாது
என்று பள்ளி வாரியத்தின் சுற்றறிக்கை
என் இழுப்பறையில் இருக்கிறது.
கையொப்பம் போட்டு வாங்கியிருக்கிறேன்.

"இருக்கலாம்," என்றாள் ஜனேசா.
"எங்க வீட்ல கேட்டா வேற பேச்சு பேசுவாங்க.
உங்க வீட்ல?"
அவன் தோளைக் குலுக்கினான்.
"சரி, முதல்ல வாக்கியத்தை எழுது."

இரண்டு தலைகள், ஒரு ரப்பர்.
"பருத்தியை ஹெஸ்டர் பறித்தாள்."
அது சுலபமாக வந்தது.
"ஹெஸ்டரை விலைக்கு வாங்கியவர்"

அங்கே நின்றது வாரனின் பென்சில்.

எழுத்துக்கூட்டத் தெரியாமல் இல்லை.
மழலையர் வகுப்பில்
அவன் முதன்முதலாக எழுதப் பழகியதே
அந்தப் பெயரைத்தான்.