பேர் விழாத வேலை

திரும்பி வந்த அன்று
மேல்கணக்கில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:
"எவ்வளவு குடுத்தாங்க?"

பதினோரு மாதம். மலாவி. தியோலோ மாவட்டம்.
சாப்பாடு, படுக்க இடம், காய்ச்சலுக்கு மாத்திரை.
"சம்பளம்?"
இல்லை.
பாக்கியலெட்சுமி அக்கா படங்கை உதறினாள்.
"கடல் தாண்டிப் போயி
ஓசியில மண்ணு வெட்டினியா?
இங்கன வெட்டியிருந்தா பேராவது விழுந்திருக்கும்."

சரிதான்.
தன்னார்வம் என்ற சொல்லை
இறக்கி வைக்க எங்கள் லயத்தில் இடமில்லை.
இங்கே வேலைக்கு முன்னால் பேர் நிற்கும்.
முழுப்பேர், அரைப்பேர்.
தராசில் ஒரு கிலோ குறைந்தால்
ஆள் முழுசாக நிற்க
பேர் மட்டும் பாதியாகும்.

நான் யானையையும் வரிக்குதிரையையும் பார்த்ததாக
லயத்துப் பிள்ளைகள் நம்புகிறார்கள்.
பார்த்தது தேயிலை.
அதே பச்சை, அதே நிரை,
தராசடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு
முள்ளைப் பார்க்கும் அதே முகம்.

எஸ்னாத், என் வயதுக்காரி,
முதல் வாரமே ஊற்றடியில் கேட்டாள்:
"உங்கள் ஊரில் தண்ணீர் நிறைய இருக்குமே,
அதனால்தானே எங்களுடையதைக்
காப்பாற்ற வந்திருக்கிறாய்?"
பயிற்சிக் கையேட்டில் இதற்கு விடை இல்லை.
இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரு பீலி,
அதுவும் மாசியில் நூலாய் இறங்கும் என்று
சொல்ல வாய் வரவில்லை.
ஆமாம் என்றேன்.
அந்த ஆமாம்
பதினோரு மாதமும் செருப்புக்குள் கல்.

சொல்லிக்கொடுக்கப் போனவள்
மூன்று கம்போடு திரும்பினேன்.
இரண்டைக் கால் விரித்து உச்சியில் கட்டு,
ஒன்றைக் குறுக்கே வை,
உச்சியிலிருந்து ஒரு கல்லைத் தொங்கவிடு.
கயிறு நடுக்கோட்டைத் தொட்டால்
இரண்டு காலும் ஒரே மட்டம்.
அந்த மட்டத்திலேயே வெட்டிக்கொண்டு போனால்
மழை ஓடாது, உட்காரும்.
எங்கள் மலையின் கான்களோ
வந்த மழையை
வாசலிலேயே விரட்டப் பழகியவை.

போயா லீவு.
டர்பன்டைன் மரங்களுக்கு மேலே பழைய ஊற்று.
சுவர் சரிந்து, மண் மூடி,
ஷாம்பு பைக்கற்றுகள், அட்டை, அட்டை, அட்டை.
துரையிடம் கேட்டிருந்தேன்.
சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் இல்லை.
பத்து மணிவரை நானும் கம்புகளும்.
பிறகு மண்வெட்டியோடு குணமலர்.
கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்த அருட்செல்வன்,
வெள்ளைச் சப்பாத்தோடு.
கடைசியாக, பார்க்க மட்டும் வந்த
பாக்கியலெட்சுமி அக்கா.

"இது யாருக்கு?"
"பீலிக்கு."
"கணக்கப்பிள்ளை எழுதுவானா?"
"மாட்டான்."

கொஞ்ச நேரம் நின்றாள்.
அட்டையைக் காலிலிருந்து பிய்த்துப் போட்டாள்.
"தள்ளு.
மண்வெட்டி பிடிக்கிற லட்சணத்தப் பாரு."

நாற்பத்தாறு நாவல் கன்று வைத்தோம்.
ஒன்பதை மாரிமுத்துவின் ஆடு தின்றது.
இரண்டு நாள் பீலியில் செம்மண் கலங்கி வர
இருபத்திரண்டு வீடும் என்னைத் திட்டியது.
அருட்செல்வன் அடுத்த போயாவுக்கு வரவில்லை.
வெட்டிய கானில் ஒன்று
ஐப்பசி மழையில் இடிந்து
திரும்ப வெட்டினோம்.
பீலி தடித்ததா என்றால்
குணமலர் தடித்தது என்கிறாள்,
அக்கா, "மழை பேஞ்சா தடிக்காம?" என்கிறாள்.
ஆனால் மண்வெட்டியை
ஊற்றடியிலேயே வைத்துவிட்டுப் போகிறாள் இப்போது.

நேற்று இரவு எஸ்னாத்துக்குக் குரல் அனுப்பினேன்.
எங்கள் லயத்தில் இருபத்திரண்டு வீடு, ஒரே ஒரு பீலி.
அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னேன்.

நீலக்கோடு இரண்டும் விழுந்தது.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
விடியப்போகும் நேரம்,
பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னால்,
ஒரே வரி வந்திருந்தது:

கானுக்கும் கானுக்கும் நடுவே
எத்தனை அடி விட்டாய்?