இடப்பக்கம் திரும்பினால்

இடது இண்டிகேட்டர் எரியவில்லை,
அவ்வளவுதான் என் புகார்.
வெய்யோ இரண்டு நாள் வைத்திருந்தான்.
நூற்று எண்பது யூரோ.
ரசீதில் கையெழுத்தோடு
கிரீஸ் கட்டைவிரல் ரேகையும் இலவசம்.

விளக்கு எரிந்தது.
பட்டறை வாசலில் இடப்பக்கம் திரும்பினேன்.
ஹாரன் அடித்தது.
நான் தொடவே இல்லை.

குஹ்மோவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை.
கல்யாண வண்டி அடிக்கும், வருஷத்துக்கு நாலைந்து.
சாலை நடுவே மூஸ் நின்றால்கூட
அது யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருப்போம்.
எதிர்வீட்டுக்காரர் படியில் இறங்கும் சத்தம் கேட்டால்
அது ஓயும்வரை கதவுக்குப் பின்னால்
செருப்போடு நிற்கிற ஜனங்கள் நாங்கள்.

நான் வீடு வீடாகப் போகும் நர்ஸ்.
மாத்திரைப் பெட்டி நிரப்ப, கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற
நாளுக்குப் பதினொரு வீடு.
எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு இடது திருப்பங்கள்.
ஒருநாள் முழுக்க வலப்பக்கமாகவே ஓட்டினேன்.
மூன்று வலது ஒரு இடதுக்குச் சமம்
என்பது காகிதத்தில்.
நடுவில் ஏரி இருக்கிறது.

மறுநாள் விட்டுவிட்டேன். அடிக்கட்டும்.

திரைச்சீலைகள் அசைந்தன.
நூலகத்துப் பெண் படியிலேயே நின்றுவிட்டாள்.
மூன்றாம் நாள் பெட்ரோல் பங்க் ஒஸ்ஸி
குழாயிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தினான்.
நாலாம் நாள் பனி தள்ளும் வண்டிக்காரன்
பதிலுக்கு அடித்தான், கப்பல்போல.
முன்னாள் கணவர் போன் செய்தார்:
தினம் காலை ஆறு நாற்பதுக்கு
என் ஜன்னலுக்குக் கீழே, இது என்ன பழிவாங்கல்?
ரிப்பேர், என்றேன்.
பதினாறு வருஷத்தில் நான் சொன்ன எதை நம்பினார்,
இதை நம்ப?

சைமிக்குக் கண் தெரியாது.
முனையில் நான் திரும்பும் சத்தம் கேட்டதும்
தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக்
காபிக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத் திருப்பம்.
வாயிலில் சவப்பெட்டியோடு ஆட்கள்.
வேகத்தைக் குறைத்தேன், மூச்சைப் பிடித்தேன்,
ஸ்டீயரிங்கைக் குழந்தையைப்போல் மெல்லத் திருப்பினேன்.
அடித்தது. நீளமாக.
செத்தவரின் மகன் தொப்பியைக் கழற்றினான்.
பிறகு கடையில் பார்த்தபோது, வெண்ணெய் அலமாரியிடம் பேசுவதுபோல,
அப்பா நாற்பது வருஷம் மரலாரி ஓட்டினவர், என்றான்.
தோன்றியதே உனக்கு, நன்றி.
நான் பாலில் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குத் திரும்பப் போனேன்.
முன்னாடியே இருந்திருக்கும், என்றான் வெய்யோ.
உள்ளே கணப்பு. வண்டி வாயே திறக்கவில்லை.
எனக்குத் தெரியும் இது:
டாக்டர் வந்ததும் எழுந்து உட்கார்ந்து
ஒன்றுமில்லை என்பார்கள்.
வெளியே எடுத்தேன். மைனஸ் இருபத்தேழு.
அடித்தது.
குல்லாகூட இல்லாமல் வந்து நின்று கேட்டான்.
ம், என்றான்.

மூடிக்குக் கீழே ஒரு கம்பி நசுங்கியிருந்தது,
அவன் முறுக்கிய திருகுக்கு அடியில்.
அரைமணி நேரம். காசு வேண்டாம் என்றான்,
அதற்கு மேல் மன்னிப்பு இந்த ஊரில் கிடையாது.

இப்போது சத்தமில்லாமல் திரும்புகிறேன்.
ஒஸ்ஸி நிமிர்ந்து பார்த்தான், கை பாதியில் நின்றது.
சைமியின் கதவு பூட்டியிருந்தது.
உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன், என்றாள்,
என்னைத்தான்.

அடுத்த முனையில் நானே அழுத்தினேன்.
தாமதமாக, அளவுக்கு மீறிப் பெரிதாக.
ஒரு நாய் குரைத்தது.

இன்று காலையிலிருந்து பின்கண்ணாடி வைப்பர்
தானாக ஆடிக்கொண்டிருக்கிறது,
மழையுமில்லை, பனியுமில்லை.
வெய்யோவிடம் இன்னும் சொல்லவில்லை.