முன் அனுபவம்

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது.
சமூகப்பணித் துறையின் மின்விசிறிகளைத் துடைத்தாயிற்று.
தலைவர்களின் விவரத்தைக் கணினியில் ஏற்றுவது
என் தலையில்.

காற்று தெற்கிலிருந்து திரும்பினால்
சிப்காட்டின் வாடை
தாமதமாக வந்த மாணவனைப்போல
பின் பெஞ்சில் உட்காரும்.
இன்று முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்:
கல்விப் பணிக்கு முந்தைய தொழில் அனுபவம்.
நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.

துறையைத் தொடங்கிய ஃபாதர் இருதயராஜ்
தொழுநோய் மருத்துவமனையில் கட்டுப் போட்டவர்.
'கம்பவுண்டர்' என்று அவரே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
வேலை மிச்சம்.

அடுத்தவர் அப்துல் கஃபூர்.
கேப்பர் மலைச் சிறையில் நலப்பணி, பத்தொன்பது வருடம்.
விடுதலையானவர்களைப்
பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து ஏற்றிவிடுவாராம்.
எங்களுக்குப் பாடம் எடுத்தபோதும் அப்படித்தான்,
மணி அடித்த பிறகு வாசல்வரை வருவார்.
யாரையும் தனியே வெளியே விட்டுப் பழகாத மனுஷன்.
இதை எந்தக் கட்டத்தில் போட?

இப்போதைய தலைவர் பெரியநாயகி.
சாயப்பொருள் ஆலையில்
தொழிலாளர் நல அலுவலர், ஆறு வருடம்.
நலம் என்றால்
கேன்டீன் சாம்பார், கையுறை,
தீபாவளிக்கு எவர்சில்வர் டப்பா.
தொண்ணூற்றெட்டில், ஒரே மாதத்தில்,
நூற்றுப் பதினேழு பணிநீக்கக் கடிதங்கள்.
கையெழுத்து மேலாளருடையது.
கையில் கொடுத்தது இவர்.

"அதையும் போடு."
"நூறு எழுத்துக்குள் வராது மேடம்."
"அப்படின்னா பட்டத்தை எடு."

புதன்கிழமை, குடிகாடு.
தொழிலாளர் சங்கத்தின் தகரக் கொட்டகை.
பதினோரு வருடமாக எங்கள் மாணவர்களின்
களக் குறிப்பேட்டைத் திருத்துகிறார் தணிகாசலம்,
கெசட்டட் ஆபீசர் தோரணையில், பச்சை மையில்.
நூற்றுப் பதினேழில் ஒருவர்.
'வறுமையில் வாடும் மக்கள்' என்று ஒரு பையன் எழுதியதை
அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்:
எந்த மக்கள்? பேர் என்ன?

"அம்மாவுக்கு என்ன போட்டீங்க?"
"நல அலுவலர்."
சிரித்தார், இருமினார், இருமிக்கொண்டே சிரித்தார்.
"பாத்து. நல்ல அலுவலர்னு போட்டுறாதீங்க,
ஒரு எழுத்து கூடிடும்."

பிள்ளைகளை முதன்முதலாக அங்கே கூட்டிப்போன நாளில்
இருவரும் என்ன பேசினார்கள் என்று
மாலையில் பெரியநாயகியிடம் கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்லை.
கடிதத்தை லாமினேட் பண்ணி வெச்சிருந்தார்.
தேதி மட்டும் என் கையெழுத்து.
தேதி தப்புன்னார். அன்னைக்கு ஞாயித்துக்கிழமையாம்.
ஆமா, தப்புதான்னேன்.
ரொம்ப நேரம் மின்விசிறி மட்டும் சுத்துச்சு.
அப்புறம்,
பிள்ளைங்களை நாளையிலிருந்து அனுப்புங்கன்னார்."

அவர் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.
நான் துறை அறையில், கணினி முன்னால்.
அவர் பட்டத்தை எடுத்துவிட்டேன்.
கடிதங்கள் உள்ளே வந்துவிட்டன,
நூற்றுப் பதினேழும், எண்ணில்.

கடைசி வரி மிச்சம்:
பணிமூப்பில் அடுத்து வரவிருப்பவர்.
அது நான்.
இளங்கலை, முதுகலை, நெட், முனைவர்,
ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது.
வகுப்பறையின் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து
மறுபக்கம் போய் நின்றதுதான்
நான் செய்த பயணம்.
அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறேன்,
திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில், பலமுறை.

முந்தைய தொழில் அனுபவம்?

'இல்லை' என்று அடித்தேன்.
மீதம் தொண்ணூற்றேழு எழுத்து
என்றது படிவம்.